கைகாட்டி

அந்தப் பேருந்து ஓட்டுநருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் பெயர் கைகாட்டி. மருந்துக் கம்பெனி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியதும் வலப்பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டி, கோழியை விரட்டுகிற மாதிரி இரண்டு தரம் முன்னால் தள்ளுவார். இறங்கிய கூட்டம் வண்டியின் மூக்குக்கு முன்னால் நடந்து எதிர்ப்பக்கம் போய்விடும்.

நிறுத்தம் இந்தப் பக்கம், கம்பெனி அந்தப் பக்கம். நடுவில் ரோடு. துறைமுகத்துக்குப் போகும் லாரியெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். நிற்கிற பேருந்தை அவை தாண்டும்போது பேருந்தே ஒரு தரம் ஆடி அடங்கும்.

"கைகாட்டி விழுந்தாச்சு, ரயில் போகலாம்!" என்று நடத்துநர் பின்படியிலிருந்து கத்துவான். ரயிலடிக் கைகாட்டி மரம் கையை இறக்கினால் வழி திறந்தது என்று அர்த்தம். கூட்டம் சிரித்துக்கொண்டே நகரும்.

அவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. மற்ற ஓட்டுநர்கள் ஆள் முன்னால் நடக்கும்போது எஞ்சினை உறும விட்டு விரட்டுவார்கள். இவர் கடைசி ஆள் அந்தப் பக்கம் கால் வைக்கும்வரை கியரைத் தொடமாட்டார். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாலும் சரி. "அவனுக்கு அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்பார்.

அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை, அந்தக் கம்பெனியில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அக்கா வீட்டிலேயே தங்கி, மாமா வண்டியிலேயே போய் வந்தாள். பட்டை பட்டையாக ஓடிவரும் மாத்திரைகளில் எந்தக் குழி காலியாக இருக்கிறது என்று பார்த்து எடுத்துப் போடுவது அவள் வேலை. கண்ணுக்குத்தான் சம்பளம். ஒரு காலிக்குழிகூட அவளிடமிருந்து தப்பியதில்லை என்று மேற்பார்வையாளர் அம்மாவே சொல்லியிருந்தாள்.

அன்று கண்ணாடி காலியாக இருந்தது. கை காட்டினார். முதல் ஆளாக மச்சினி நடந்தாள். வண்டியின் ஓரத்தைத் தாண்டி அவள் கால் வைத்த அதே நொடியில், அவருடைய முழங்கைக்குக் கீழே ஒரு பைக் போயிற்று. அது வந்ததை அவர் பார்க்கவில்லை. போனதைத்தான் பார்த்தார்.

அவள் தோளில் தொங்கிய பை பைக்கின் கைப்பிடியில் மாட்டி அறுந்தது. சாப்பாட்டு டப்பா உருண்டு போய் எதிர்ப்பக்கக் கால்வாயில் விழுந்தது. அவள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள், தோளைத் தடவிக்கொண்டு.

பைக்காரன் தள்ளிப் போய் நிறுத்தி, திரும்பி நடந்து வந்தான். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உங்களுக்கெல்லாம்?"

"நிக்கிற பஸ்ஸைத் தாண்டி இப்படியா பறக்கிறது?" என்றாள் அதே வண்டியில் வந்து இறங்கிய மேற்பார்வையாளர் அம்மா. "எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறே?"

"ரோடு வண்டி போறதுக்குத்தான். பாத்து வர வேண்டியது நீங்க."

"பாத்துட்டுத்தான் வந்தோம்."

"எதைப் பாத்தீங்க?"

எல்லோரும் நிமிர்ந்து ஓட்டுநர் சன்னலைப் பார்த்தார்கள். பைக்காரனும் பார்த்தான். அவன் திட்டுவான் என்று கைகாட்டி எதிர்பார்த்தார். அவனோ அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் வெளியேதான் நீண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மச்சினி அறுந்த பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா விடவில்லை. "இத்தனை வயசாச்சு, ரோட்டைப் பாத்துப் போகத் தெரியாதா உனக்கு?"

"நான் எதுக்குக்கா பாக்கணும்? அதான் மாமா பாக்கறாரே." பல்லால் நூலைக் கடித்தாள். "கம்பெனியில நாள் பூரா பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போகுது. அந்த ஒரு இடத்துலதான் கண்ணுக்கு ஓய்வு."

மனைவி சிரித்துவிட்டாள். கைகாட்டி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மறுநாள் பணிமனையில் வண்டி சும்மா நிற்கும் நேரமாகப் பார்த்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "பின்சக்கரத்துக்கிட்ட நின்னு அப்படியே என்னைப் பாத்து நடந்து வா. பேசிக்கிட்டே வா."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. உன் மாமியாரைப் பத்திப் பேசு."

மெக்கானிக்குக்குக் கசக்குமா? பேச ஆரம்பித்தான். கைகாட்டி இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையும் ஆட்டுகிற கையும் தெளிவாகத் தெரிந்தன. அவன் ஓரடி விலகி நடந்தான். கண்ணாடியின் விளிம்புக்குப் போனான். பாதி ஆளானான். பிறகு ஆளே இல்லை. மாமியார் கதை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எங்க இருக்கே?"

"இங்கதான் இருக்கேன்."

குரல் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கழுத்தைத் திருப்பினார். சன்னல் கம்பமும் இருக்கையின் முதுகும்தான் தெரிந்தன. உடம்பை வளைத்துத் தலையை வெளியே நீட்டினால் மட்டும் அவன் இருந்தான். ஆனால் தலை வெளியே இருக்கும்போது வண்டிக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. தலையை உள்ளே இழுத்து, முன்னால் பார்த்து, கையை நீட்டுவதற்குள் ஒரு பைக் எங்கிருந்து எங்கே வந்துவிடும்!

மெக்கானிக் கதவடியில் வந்து நின்றான். "இதுக்கா இவ்வளவு? எல்லா வண்டியிலயும் அந்த இடம் இருக்குண்ணே. கண்ணாடி என்ன கடவுளா?"

"இத்தனை வருஷமா அதைப் பாத்துத்தான் கை காட்டியிருக்கேன்."

"ஒண்ணும் ஆகலையே."

அந்த வார்த்தைதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. ஒன்றும் ஆகாதது தன் பார்வையால் என்று நினைத்திருந்தார். அந்த மறைவிடத்தில் அந்தந்த நேரத்தில் யாரும் இல்லாமல் போனதால்தான் ஒன்றும் ஆகவில்லை.

நேரே மேலாளர் அறைக்குப் போனார். நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி, சிக்னல் இருக்கும் இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார்.

மேலாளர் நல்ல மனிதர்தான். நாற்காலியைக் காட்டினார். "நிறுத்தம் போடறது நகராட்சி. நாம போய் நிக்கிறவங்க, அவ்வளவுதான்."

"நகராட்சியில கேக்கலாமா சார்?"

"ரோடு எங்களுது இல்லைம்பாங்க."

"ரோட்டுக்காரங்ககிட்ட?"

"ரோடு சரியாத்தான் இருக்கு, நடக்கிறவங்க பாத்து நடக்கணும்பாங்க. கம்பெனியில கேட்டீங்கன்னா, கேட்டுக்கு உள்ள வந்த பிறகுதான் எங்க ஆளும்பாங்க." மேலாளர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கை காட்டறது உங்க வேலையே இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆகி, டிரைவர் போகச் சொன்னார், போனோம்னு யாராவது சொல்லிட்டா, கத்தி உங்க கழுத்துக்குத்தான் வரும். கையை உள்ள வச்சுக்குங்க."

"உள்ள வச்சுக்கிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க சார்?"

"கண்ணைத் திறப்பாங்க."

சரியாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் கைகாட்டி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார்.

கூட்டம் வண்டியின் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தது. காத்திருந்தது.

பின்னால் ஹாரன்கள் கிளம்பின. "என்னண்ணே, கை சுளுக்கிக்கிச்சா?" என்றான் நடத்துநர்.

"வீட்டுல சண்டை போல" என்றாள் மேற்பார்வையாளர் அம்மா.

மச்சினி முன்கண்ணாடிக்குக் கீழே தகரத்தைத் தட்டினாள். "மாமா! தூக்கமா?"

அவர் தலையை நீட்டிக் கத்தினார். "உங்க கண்ணால பாத்துப் போங்க! என்னைப் பாக்காதீங்க!"

சிரித்தார்கள். கைகாட்டி அண்ணனுக்கு இன்று என்னவோ ஆகிவிட்டது என்று சிரித்தார்கள். பிறகு வேலைக்கு நேரமாகிவிடும் என்ற பயம் வந்தது. முன்னால் நின்ற ஒருத்தி, ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டுவது போல வண்டியின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வேன் அவள் முடியைக் கலைத்துவிட்டுப் போயிற்று. தலையை இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். "ஓடுங்க" என்றாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் ஓடியது. நடந்து போகும்போது இருந்த ஒழுங்கு ஓடும்போது இல்லை. நடு ரோட்டில் ஒரு செருப்பு கிடந்தது. அதன் மேல் ஒரு லாரி ஏறிப் போயிற்று.

அன்று மாலை மச்சினியிடம் சொன்னார். "இனிமே என் கையை நம்பாத, சின்னவளே."

"பின்ன எதை நம்பறது?"

"உன் கண்ணை."

"எட்டிப் பாத்தாதானே மாமா கண்ணுக்குத் தெரியும்? எட்டிப் பாத்தா தலை ரோட்டுல இருக்கு." அவள் சண்டைக்காகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். "நாங்க என்ன, சுவத்துக்குப் பின்னாலயா நிக்கிறோம்? உங்க வண்டிதானே மறைக்குது."

தன் வண்டி மறைக்கிறது என்று அதுவரை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது காக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

கையை உள்ளே வைத்துக்கொண்டே நாள்கள் போயின. கூட்டம் எட்டிப் பார்ப்பதும் ஓடுவதுமாக இருந்தது. ஆனாலும் ஓடுவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு தரம் நிமிர்ந்து அவர் சன்னலைப் பார்ப்பதை விடவில்லை. ஒரு வெயில் காலையில் எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

கூட்டம் நடந்தது.

"விழுந்தாச்சு!" என்று பழக்கத்தில் கத்தினான் நடத்துநர்.

கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. அதை இறக்கவும் பயமாக இருந்தது. ஒருத்தியும் ஓடவில்லை. ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. பழையபடி பேசிக்கொண்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக நடந்தார்கள். மச்சினி போகிற போக்கில் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள், கோபம் தீர்ந்துவிட்டதா என்பது போல. அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொம்மை போல உட்கார்ந்திருப்பார். ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

"அண்ணே, மூக்கு அரிச்சா சொல்லுங்க" என்றான் நடத்துநர். "நான் வந்து சொறிஞ்சு விடறேன்."

வண்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உதட்டை அசைத்தால் அதற்கும் ஓர் அர்த்தம் வந்துவிடுமோ என்றிருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில்தான் அது நடந்தது. இறங்கியவர்கள் குடையை விரித்தார்கள். குடைக்குள் இருக்கிறவர்களுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. மச்சினி வழக்கம்போல முன்னால் வந்து வண்டியின் வலது ஓரத்தில் நின்றாள். கைகாட்டி கண்ணாடியைப் பார்த்தார். மழைநீர் வழிந்த கண்ணாடிக்குள், தூரத்தில், பெட்டி ஏற்றிய ஒரு லாரி. அதன் வேகத்தில் நிற்கிற எண்ணம் இல்லை.

மச்சினியின் குடை அசைந்தது. அவள் கிளம்பப் போகிறாள்.

"நில்லு!" என்று கத்தினார். மழையிலும் எஞ்சினிலும் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. ஹாரன் அடிக்கப் போன கை நின்றது. அந்த ரோட்டில் ஹாரனுக்கு ஒரே அர்த்தம்தான்: சீக்கிரம் போ. மிச்சம் இருந்தது கை. சன்னலுக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கையை அவர்கள் பக்கம் காட்டி, ஐந்து விரலையும் விரித்து, அசையாமல் பிடித்தார். நில் என்று அதைவிடத் தெளிவாக ஒரு கையால் சொல்ல முடியாது.

ஆனால் கை என்ன சொல்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. கை வந்துவிட்டது, அதைத்தான் பார்த்தார்கள். இத்தனை நாள் கழித்துக் கைகாட்டி விழுந்துவிட்டது. குடைக்கடியிலிருந்து மச்சினி அவரைப் பார்த்துச் சிரித்தாள். நடந்தாள்.

அவர் கையை உள்ளே இழுத்து, தன் பக்கத்துக் கதவின் தாழைத் தட்டி, காலால் உதைத்தார்.

யோசித்துத்தான் உதைத்தார் என்று பிறகு யாரும் நம்பவில்லை. மஞ்சள் கதவு முழுதாகத் திறந்து ரோட்டுக்குள் நீண்டது. கதவைக் கண்டு லாரிக்காரன் பிரேக்கை மிதிக்க, சக்கரங்கள் கிறீச்சிட்டன. மொத்த லாரியும் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே வந்தது. கதவைக் கீலோடு பிய்த்தது. பேருந்தின் முன்சக்கரத்துக்கு நேராக வந்து, இரண்டு தரம் குலுங்கி, நின்றது. மச்சினி கையை நீட்டினால் அதன் விளக்கைத் தொட்டிருக்கலாம். அவள் குடை பின்பக்கமாக மடங்கியிருந்தது. மழை முகத்தில் அடிக்க, அப்போதும் அவள் மேலே, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரன் குதித்து இறங்கினான். "எவன்யா கதவைத் திறந்தது? நடு ரோட்டுல கதவைத் திறக்கறியே, மூளை இருக்கா?"

கைகாட்டி சுட்டிக்காட்டவில்லை. அவனாகத் திரும்பி லாரியின் முன்னால் நின்ற குடைகளைப் பார்த்தான். அப்படியே தன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

விசாரணை நீளவில்லை. ரோட்டுக்கும் நிறுத்தத்துக்கும் நடப்பவர்களுக்கும் யார் பொறுப்பு என்றால் ஊரெல்லாம் தேட வேண்டும். கதவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. போக்குவரத்துப் பக்கம் கதவைத் திறக்கக் கூடாது என்று தெளிவாக விதி இருந்தது.

"ஏன் திறந்தீங்க?" என்றார் மேலாளர்.

"லாரியை நிறுத்த வேற வழி தெரியல சார். அவங்க நிக்கல."

"கை காட்டியிருக்கலாமே?"

"காட்டினேன் சார். அதனாலதான் போனாங்க."

மேலாளர் கோப்பை மூடினார். ஓய்வில்லாமல் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும் என்றார். முடிவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்.

அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் மச்சினியோடு பயணியாகக் கிளம்பினார். "எதுக்குங்க வீணா அலைச்சல்?" என்ற மனைவிக்கு, "சும்மாதான்" என்றார். பேருந்தில் புது ஓட்டுநர். மீசை இப்போதுதான் முளைத்த பையன் போல இருந்தான். நன்றாகத்தான் ஓட்டினான்.

நிறுத்தத்தில் கூட்டத்தோடு இறங்கினார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "அண்ணனே வந்துட்டாரு, இனி என்ன பயம்" என்றாள் மேற்பார்வையாளர் அம்மா. தள்ளித் தள்ளி அவரை முன்னால் கொண்டுவந்து, வண்டியின் வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். மச்சினி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் அவர் நின்றதே இல்லை. தகரச் சுவர் ஒன்று கண்ணுக்கு முன்னால் நின்றது. அதற்கு அப்பால் ஒரு கோடு போல ரோடு. வருவது எதுவும் தெரியாது. போனது மட்டும் தெரியும். எல்லா வண்டிச் சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டது. எது கிட்டே, எது தூரத்தில் என்று பிரிக்க முடியவில்லை. கொஞ்சம் தலையை நீட்டினார். காற்று ஒன்று நெற்றியில் அறைந்துவிட்டுப் போயிற்று. இழுத்துக்கொண்டார்.

"போலாமா மாமா?"

"இரு."

பின்னால் ஹாரன்கள் கிளம்பின. கூட்டம் முதுகில் முட்டியது. நேரமாகிறது என்று யாரோ முனகினார்கள்.

மேலேயிருந்து புது ஓட்டுநர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். பாவம், ரோட்டைக் கடக்கத் தெரியாமல் தவிக்கிறார்களே என்று அவன் முகத்தில் இரக்கம் தெரிந்தது. கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தான். சன்னல் வழியாகக் கையை நீட்டி, "போங்க போங்க" என்று அசைத்தான்.

கைகாட்டி இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை மறித்தார். "நில்லுங்க. அவனுக்குத் தெரியாது. யாரும் போகாதீங்க."

"என்ன மாமா நீங்க" என்றாள் மச்சினி. "அதான் காட்டிட்டாரே."

அவர் கைக்கடியில் குனிந்து நடந்தாள்.